எல்லார்க்கும் பொருந்தாத நல்லறிவு
நாட்பட்ட சிறுநீரக நோயும் தன்பராமரிப்பும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு

  

அழைப்பிதழில் என் பேச்சின் பொருள் 'சிறுநீரக நோய் விழிப்புணர்வு' என்று அச்சாகியிருக்கிறது. ஒரு சின்னத் திருத்தத்தோடு தொடங்குகிறேன். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் உடல்நலம் பற்றி ஒன்றுமே தெரியாதவர் என்று எவரையும் சொல்ல மாட்டேன். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கீரை நல்லது, பழம் நல்லது, வெயிலுக்கு இளநீர் நல்லது, காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டக்கூடாது, சர்க்கரை இருப்பவர் கேழ்வரகுக்கு மாறலாம், வெள்ளை உப்பைவிட இந்துப்பு மேல். பள்ளிக்கூடத்தில் படித்தது, பாட்டி சொன்னது, வாட்ஸப்பில் வந்தது எல்லாம் சேர்ந்த அறிவு அது. இந்துப்பைத் தவிர மற்றவை நல்ல அறிவும்கூட. ஆனால் அத்தனையும் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்காகச் சொல்லப்பட்டவை.

இந்த நோயில் அறியாமையால் வருகிற கெடுதலைவிட, பிறருக்குப் பொருந்துகிற அறிவை நாம் எடுத்துக்கொள்வதால் வருகிற கெடுதல் அதிகம் என்பது என் எண்ணம். போதாததற்கு, நோய் ஒரு படி ஏறியதும் நேற்றுவரை சரியாக இருந்த அறிவுரை இன்று தவறாகிவிடும். போன வருடம் "பருப்பைக் குறைங்க, முட்டை வேண்டாம்" என்று சொன்ன அதே மருத்துவர், டயாலிசிஸ் தொடங்கியதும் "தினம் ரெண்டு முட்டை வெள்ளைக்கரு சாப்பிடுங்க" என்கிறார். எந்த டாக்டர் சொல்வது சரி என்று நோயாளி குழம்புவதில் வியப்பில்லை. இரண்டு முறையும் சொன்னது ஒரே டாக்டர்தான், இரண்டு முறையும் சொன்னது சரிதான். ஏன் மாறியது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

சிறுநீரகம் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒவ்வொன்றிலும் நெஃப்ரான்கள் எனப்படும் வடிகட்டும் அலகுகள் சுமார் 10 லட்சம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீராகப் போக, மீதி அத்தனையும் உடம்புக்குள் திரும்புகிறது. சிவப்பணு ஊறத் தூண்டுவதும், வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் இவற்றின் பொறுப்பே. நெஃப்ரான்களில் பாதிக்குமேல் அழிந்துபோனாலும் எஞ்சியவை கூடுதல் சுமையை இழுத்துக்கொண்டு ஓடும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பசிக்கும், தூக்கம் வரும், வேலைக்குப் போய் வருவார். கால் வீங்கி, மூச்சு வாங்கி, குமட்டல் எடுத்து வந்து நிற்கும்போது நோயின் ஐந்து நிலைகளில் பெரும்பாலும் நான்காவதோ ஐந்தாவதோ ஆகியிருக்கும்.

ஆகவே உடம்பைக் கேட்டுப் பயனில்லை. பரிசோதனைத் தாளைத்தான் கேட்க வேண்டும். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்டு பிரைட், வீக்கத்தோடு வந்தவர்களின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். புரதம் இருந்தால் அது வெள்ளையாகத் திரிந்தது. 1827-இல் அவர் வெளியிட்ட நூலிலிருந்துதான் இந்த நோய்க்கு மருத்துவத்தில் தனி இடம் கிடைத்தது. ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்தும் முதல் எச்சரிக்கை அங்கேதான் இருக்கிறது: சிறுநீரில் ஆல்புமின். ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால், இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு ஒழுங்காக இருந்தாலும் சிறுநீரகம் அடிபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேர் இந்தச் சோதனையை வருடம் ஒருமுறை செய்துகொள்கிறார்கள்? இரத்தச் சர்க்கரையை மாதம் தவறாமல் பார்ப்பவர்கள்கூட, "யூரின் எதுக்கு சார், எனக்கு அதுல பிரச்சினை ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

நம்மவர்களுக்கு எல்லாமே கிரியாட்டினின்தான். காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டால், ஊரைச் சொல்வதற்கு முன்னால் "அஞ்சு புள்ளி ரெண்டு" என்று பதில் வரும். அந்த எண் தனியாக ஒன்றும் சொல்லாது. ஒரு கணக்கு காட்டுகிறேன். 25 வயது ஆண் ஒருவருக்கும் 65 வயதுப் பெண்மணி ஒருவருக்கும் கிரியாட்டினின் 1.4 என்று வருகிறது. தாளில் இருவருக்கும் ஒரே எண், பக்கத்தில் ஒரே மாதிரி ஒரு சின்ன நட்சத்திரக் குறி. வயதையும் பாலினத்தையும் சேர்த்து 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் வடிதிறனைக் கணக்கிட்டால் இளைஞருக்கு 70-ஐ ஒட்டி வரும். அந்த அம்மாவுக்கு 42. இளைஞரை மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம். அம்மாவின் எண் மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால், அவர் மூன்றாம் நிலையின் பிற்பாதியில் இருக்கிறார். "கொஞ்சம்தான் கூட இருக்கு, ஒண்ணும் பயமில்ல" என்று இருவரையும் ஒன்றாக அனுப்பிவிடும் தாள் அது.

அந்த வடிதிறன் எண்ணைத்தான் ஈஜிஎஃப்ஆர் என்கிறோம். 60-க்குக் கீழ் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய். 30 வரை மூன்றாம் நிலை, 15 வரை நான்காம் நிலை, அதற்கும் கீழே ஐந்தாம் நிலை. நோயாளி மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம் இவ்வளவே. ஜவுளிக்கடைப் பையில் ஐந்து வருட ரிப்போர்ட்டுகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். வெளியே எடுத்தால் தேதி ஒழுங்கு இருக்காது. அதற்குப் பதில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, கிரியாட்டினின், ஈஜிஎஃப்ஆர், பொட்டாசியம், ஹீமோகுளோபின், எடை, வீட்டில் எடுத்த பிரஷர். இறங்குகிற வேகம் அந்த நோட்டில்தான் தெரியும். வருடத்துக்கு 1 குறைகிறவருக்கும் 10 குறைகிறவருக்கும் இன்றைய எண் ஒன்றாகவே இருக்கலாம். நாளை ஒன்றாக இருக்காது.

இனி மருந்து. இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

"மாத்திரை தின்னு தின்னுதான் கிட்னி போச்சு." இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் என் பணிக்காலத்தில் குறைவு. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. பாதி உண்மை இதில் இருக்கிறது, அதனால்தான் இது சாகாமல் நிற்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் சொல்லி வாங்குகிற டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் வகைகள் அவை. "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் மருந்துக்கடையில் பொட்டலம் கட்டித் தருகிற கலவையில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். ஏற்கெனவே பிரஷருக்கு டெல்மிசார்டனோ ராமிப்ரிலோ சாப்பிட்டு, கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் மேற்கொண்டு இந்த வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டால் சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டம் மூன்று பக்கத்திலிருந்தும் நெருக்கப்படும். சில நாட்களிலேயே கிரியாட்டினின் எகிறுவதைப் பார்க்கலாம்.

ஆனால் நோயாளி சந்தேகப்படுவது அந்தச் செட்டை அல்ல. அது கடையில் கேட்டதும் கிடைப்பது, வலியைப் போக்குவது, வேண்டப்பட்டது. அவர் நிறுத்துவது பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும். அவைதான் தினமும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தப்படுபவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியாதவை. காப்பதை நிறுத்திவிட்டுக் கெடுப்பதைத் தொடர்கிறார். "மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற பொது அறிவை எந்த மாத்திரை என்று பிரித்துக் காட்டாமல் விட்டதன் விளைவு இது.

டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவற்றைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறும். வடிப்பானுக்குள் இருக்கிற அழுத்தத்தை அவை குறைப்பதால் வருகிற ஏற்றம் அது; 30 சதவீதம் வரை ஏறினால் நிறுத்தக் கூடாது என்பதே வழிகாட்டுதல். நோயாளிக்கு இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. படித்தவர்கள் இதில் மேலும் மோசம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா நிறத்தை வைத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார். பொறியாளர் இணையத்தில் தேடி, பக்கவிளைவுப் பட்டியல் படித்து, ஏறிய எண்ணைப் பார்த்துத் தானே நிறுத்திவிட்டு வருவார். அந்த அம்மாவுக்கும் ஒரு சங்கடம் உண்டு. அடுத்த மாதம் மருந்தகத்தில் வேறு கம்பெனி சரக்கு வந்து நிறம் மாறினால் பழையதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிடுவார், அல்லது இரண்டையும் விட்டுவிடுவார். மருந்து கொடுக்கிற சன்னலில் "நிறம்தான் மாறியிருக்கு, மருந்து அதேதான்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்தது.

டபாக்ளிஃப்ளோசின் வகை மருந்துகள் வந்தது அண்மைக்கால நல்ல செய்தி. சர்க்கரைக்காக வந்தவை, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் நோயின் வேகத்தைக் குறைக்கின்றன என்று 2020-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு இந்தியாவில் காப்புரிமைக் காலம் முடிந்ததால் விலையும் இறங்கியது. இதிலும் தொடக்கத்தில் எண் சற்றே சறுக்கும். அதையும் சொல்லித்தான் எழுதித் தர வேண்டும்.

வாந்தியும் பேதியும் வந்து சாப்பாடு இறங்காத நாட்களுக்கு வேறு சட்டம். அன்று உடம்பில் நீர் வற்றியிருக்கும். நீர் மாத்திரை, டெல்மிசார்டன், மெட்ஃபார்மின், டபாக்ளிஃப்ளோசின் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். எவற்றை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்பே பேசி நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி தொடங்குவதைத்தான் பலர் மறந்துபோகிறார்கள்.

நாட்டு மருந்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஒட்டுமொத்தமாக ஏசுகிற பழக்கம் எனக்கில்லை. ஏசினால் நோயாளி சாப்பிடுவதை நிறுத்த மாட்டார், சொல்வதைத்தான் நிறுத்துவார். ஆனால் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1993-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது வெளிவந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள செடி அதில் கலந்திருந்தது. அந்தக் குடும்பத்துச் செடிகள் நம் ஊரிலும் உண்டு: ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி. நாட்டு மருந்துக் கடையில் சூரணம் வாங்குகிறவர் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையுள்ளவர். சொல்ல மறுத்தால் வாங்க வேண்டாம்.

சமையலறைக்கு வருவோம். இந்த நோயின் தன்பராமரிப்பு பெரும்பாலும் நடப்பது அங்கேதான், நடத்துபவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். மனைவி, மருமகள், அம்மா. உணவுத் தாளை நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புகிறோம். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். சமைக்கிறவருக்கு அது போய்ச் சேருவதில்லை. நோயாளி பெண்ணாக இருந்துவிட்டால் நிலைமை தலைகீழ். வீட்டில் எல்லாருக்கும் ஒரு குழம்பு வைத்துவிட்டுத் தனக்கென்று உப்புக் குறைத்துத் தனியாக வைத்துக்கொள்ளும் பெண்ணை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவருக்கு உணவுமுறை எழுதித் தந்து என்ன பயன்? அப்படிப்பட்ட வீட்டில் முழுக் குடும்பத்துக்கும் உப்பைக் குறைக்கச் சொல்வதே வழி. நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்வதுதான். ஒரு தேக்கரண்டி தலைதட்டி அளந்தால் அவ்வளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வத்தல் இவற்றில் இருப்பதும் அந்தக் கரண்டிக்குள் அடக்கம். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். பிரஷர் மட்டும் உள்ளவருக்கு அது நல்லது, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஆபத்து.

பொட்டாசியம் இரத்தத்தில் 5-க்குள் இருக்க வேண்டியது. 6-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் இதயத் துடிப்பு தடுமாறும். முன்னறிவிப்பே இல்லாமல் நின்றும் போகலாம். ஒரு முழு இளநீரில் 500 மில்லிகிராம் அளவிலும் அதற்கு மேலும் பொட்டாசியம் இருக்கும். சித்திரை வெயிலில் டயாலிசிஸ் நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் பாசத்தோடு இரண்டு இளநீர் வெட்டி வாங்கி வருகிறார். அவரை யார் குற்றம் சொல்வது? கீரையும் காயும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு போய்விடும். ஆனால் 'சத்து போய்விடும், கொட்டாதே' என்று மனையியல் பாடத்தில் படித்த கை அதைக் கொட்ட மறுக்கும். வடித்த தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டு ரசமாக்கி அதே நோயாளிக்கு ஊற்றிய வீடுகள் உண்டு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் நிலையிலும் மூன்றாம் நிலையிலும் பொட்டாசியம் ஒழுங்காக இருப்பவர் பழத்தையும் கீரையையும் விட்டுவிடத் தேவையே இல்லை. அவை அவருக்கு நல்லது. ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு அச்சடித்த தாள் கையில் கிடைத்து, அதைப் பார்த்து வாழைப்பழத்தையும் தக்காளியையும் விட்டு, வெறும் வெள்ளைச் சோறும் மோரும் சாப்பிட்டு இளைத்துப்போய் வந்து நிற்கிறவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். பிறருடைய அறிவு என்று நான் சொன்னதில் பிற நோயாளியுடைய அறிவும் அடங்கும். புரதமும் அப்படித்தான். டயாலிசிஸுக்கு முன் கிலோவுக்கு 0.8 கிராம், 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 40 கிராம். டயாலிசிஸ் தொடங்கியபின் 50 முதல் 60 கிராம், ஏனென்றால் அந்தச் சிகிச்சையிலேயே அமினோ அமிலங்கள் கழுவப்பட்டுப் போகின்றன.

தண்ணீரைப் பற்றித்தான் பெரிய குழப்பம். சிறுநீரகக் கல் உள்ளவர் நிறையக் குடிக்க வேண்டும். நாட்பட்ட நோயின் நடு நிலையில் இருப்பவர் தாகத்துக்குக் குடித்தால் போதும். கூடுதலாகக் குடிக்கவைத்துப் பார்த்த கனடா ஆய்வொன்று 2018-இல் வெளியானது, அதனால் நோயின் வேகம் குறையவில்லை. டயாலிசிஸில் இருப்பவருக்கோ முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு சுமார் அரை லிட்டர் சேர்த்து, அவ்வளவுதான். மூன்று பேருக்கும் பெயர் 'கிட்னி பிரச்சினை'. ஒரே தெருவில் இருப்பார்கள், ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்வார்கள். டயாலிசிஸ் நோயாளியிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் "ரெண்டு டம்ளர்தான் சார்" என்பார். பொய் இல்லை, தண்ணீர் இரண்டு டம்ளர்தான். காலையில் காபி, நீராகாரம், மத்தியானம் சாதத்தில் குளமாக ரசம், அப்புறம் மோர், இரவுக்குக் கஞ்சி. இவை எதுவும் அவர் கணக்கில் தண்ணீர் இல்லை. அடுத்த டயாலிசிஸுக்கு மூன்றரைக் கிலோ ஏறி வருவார். ஒரு கிலோ ஒரு லிட்டர். அதை நான்கு மணி நேரத்தில் இயந்திரம் உறிஞ்சும்போது பிரஷர் இறங்கி, கால் குரக்களி பிடித்து அவர் படுகிற பாட்டை யூனிட்டில் இருக்கிற செவிலியர் அறிவார்கள்.

சுகாதாரக் கல்வி பற்றி உலகம் எழுதியதில் எனக்குப் பயன்பட்ட ஓரிரண்டை மட்டும் சொல்கிறேன். மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள், நினைவில் நின்றதிலும் ஏறக்குறையப் பாதி தவறாக நிற்கிறது என்று 2003-இல் கெசல்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் தொகுத்து எழுதினார். அதற்கான மருந்து மிக எளியது: சொன்னதைத் திருப்பிச் சொல்லவைப்பது. "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது. நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், "புரிஞ்சுதுங்க". மாறாக, "வீட்டுக்குப் போனதும் மருமக 'டாக்டர் என்ன சொன்னாரு'ன்னு கேட்டா, என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நாம் எவ்வளவு மோசமாகச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போது தெரியும். ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம் கூடுதலாகும். அந்த ஒரு நிமிடத்துக்கே இடமில்லாத புறநோயாளிப் பிரிவுகள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல.

அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கோர்பினும் ஸ்ட்ராஸும் 1980களில் நாட்பட்ட நோயாளிக்கு மூன்று விதமான வேலை இருக்கிறது என்றார்கள்: நோயைப் பார்க்கும் வேலை, அன்றாட வாழ்க்கையை நடத்தும் வேலை, 'நான் யார்' என்பதை மறுபடி கட்டிக்கொள்ளும் வேலை. நாம் முதலாவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, மற்ற இரண்டில் தோற்றுப்போனவரைப் பார்த்துக் கேஸ் ஷீட்டில் 'நான்-கம்ப்ளையன்ட்' என்று எழுதுகிறோம். சொல் பேச்சுக் கேளாதவர் என்று அர்த்தம். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போகும் தினக்கூலிக்காரருக்கு அந்த இரண்டு நாளும் கூலி இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கட்டணம் இல்லாமல் நடக்கும். பஸ் கட்டணமும் போன கூலியும் அதில் வராது.

தன்பராமரிப்பு என்ற சொல்லின் மேல் எனக்கொரு சந்தேகம் எப்போதும் உண்டு. அரசும் ஆலைக்காரரும் செய்ய வேண்டியதை நோயாளியின் தலையில் கட்ட அது வசதியான சொல். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நெல் விவசாயிகளிடையிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரகம் கெடுகிறது. காரணம் முழுதாகத் துலங்கவில்லை. கடும் வெப்பத்தில் உடல் வருந்தி நீர் வற்றுவது அதில் ஒரு பங்கு என்று பலர் கருதுகிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்ணிடம் "தண்ணீர் குடிங்க, நிழல்ல ஒதுங்குங்க" என்று துண்டறிக்கை கொடுக்கலாம். ஒதுங்க நிழல் வேண்டும். தண்ணீர் குடித்தால் போவதற்குக் கழிப்பறை வேண்டும். அது இல்லாத இடத்தில் அந்தப் பெண் தண்ணீர் குடிக்காமலிருப்பது அறியாமை இல்லை, நன்றாக யோசித்து எடுத்த முடிவு.

அப்படியானால் நோயாளியால் என்னதான் முடியும் என்று கேட்டால், நாம் நினைப்பதைவிட மிக அதிகம் என்பேன். 1960-இல் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிரந்தரமாக வைக்கும் குழாய் ஒன்றைக் கண்டுபிடித்தபின்தான் நெடுநாள் டயாலிசிஸ் சாத்தியமாயிற்று. அவருடைய முதல் நோயாளி கிளைடு ஷீல்ட்ஸ் ஓர் இயந்திரத் தொழிலாளி. அந்தச் சிகிச்சையில் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். இயந்திரங்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஊர்ப் பெரியவர்கள் குழு ஒன்றே அமைத்தார்கள். அந்தக் குழு ஏற்காத ஒரு பள்ளிச் சிறுமிக்காக 1964-இல் வீட்டிலேயே வைக்கும் இயந்திரத்தைச் செய்து, அதை ஓட்டச் சிறுமியின் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைய மருத்துவத்தின் மிகச் சிக்கலான கருவி அது. வேறு வழியில்லாதபோது கற்றுக்கொடுத்தோம், அவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

இன்று நம் ஊரில் அதற்கு நிகரானது வயிற்று வழி டயாலிசிஸ், சிஏபிடி. 1976-இல் டெக்சாஸில் போப்போவிச்சும் மோன்கிரீஃபும் உருவாக்கிய முறை. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக நாளுக்கு மூன்று நான்கு முறை நீரை ஏற்றி இறக்குவது. மின்சாரம் வேண்டாம், வாரம் இரண்டு மூன்று நாள் மருத்துவமனை வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில் தவறினால் வயிற்றில் கிருமி வரும். வந்துவிட்டதா என்று பார்க்க ஆய்வகம் போக வேண்டியதில்லை: இறக்கிய பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள், அடியில் இருக்கிற எழுத்துத் தெரியாவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள் என்று சொல்லித் தருகிறோம். தாய்லாந்து 2008-இல் இந்த முறையையே முதல் தேர்வாக்கி நாடு முழுக்கக் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவரும் பெண் தன்னார்வலரும் இதே திட்டம் தந்தவர்தான். என் கணக்கில் இந்த நோய்க்கான மிகச் சிறந்த ஆசிரியர் அவர். நோயாளியின் அடுப்பங்கரை வரை போகிறவர், சமைக்கிறவரோடு பேசுகிறவர், அதே தெருவின் பேச்சைப் பேசுகிறவர். சென்னைக்கு அருகே கிராமங்களில் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி நடத்திய திட்டத்தில் வீடு வீடாகச் சென்று சிறுநீரையும் பிரஷரையும் பார்த்தவர்கள் அந்தந்த ஊரின் இளம்பெண்கள். கொடுத்த மருந்துகள் மலிவானவை. 2003-இல் அவர் அதைப் பன்னாட்டு இதழில் எழுதினார். மாத்திரையோடு நான்கு கேள்விகளையும் நம் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தனுப்பலாம்: வலி மாத்திரை வாங்கினீர்களா, எந்த மாத்திரையை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள், யூரின் சோதனை கடைசியாக எப்போது?

கடைசியாக, முடிவெடுப்பது பற்றி. நான்காம் நிலைக்கு வந்தவர் இரண்டு கைகளில் ஒன்றைக் காப்பாற்றிவைக்க வேண்டும். எழுதாத கையின் முன்கையில் ஊசி போடவோ இரத்தம் எடுக்கவோ விடக்கூடாது; தேவையானால் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். பிற்பாடு டயாலிசிஸுக்கு இரத்தம் எடுக்கும் வழியாக ஃபிஸ்டுலா வைக்க அந்த இரத்தக்குழாய் தேவைப்படும். வைத்தபின்னும் அது முதிர ஆறு எட்டு வாரமாவது ஆகும். நம் நாட்டில் பெரும்பாலோர் கழுத்தில் அவசரக் குழாய் போட்டுத்தான் முதல் டயாலிசிஸுக்கு வருகிறார்கள். "டயாலிசிஸ் ஆரம்பிச்சா விட முடியாது" என்ற பயத்தில் ஃபிஸ்டுலாவைத் தள்ளிப்போட்டதன் பலன் அது. எண்ணைப் பார்த்து முன்கூட்டியே தொடங்குவதில் உயிர்க்காலம் கூடுவதில்லை என்று 2010-இல் ஐடியல் ஆய்வு காட்டியது. கவனமாகப் பார்த்துக்கொண்டால் அறிகுறிகள் வரும்வரை காத்திருக்கலாம். ஃபிஸ்டுலா வைப்பது வேறு, டயாலிசிஸ் தொடங்குவது வேறு என்று இவர்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எண்பதைத் தாண்டி, இதயமும் தளர்ந்து, நடமாட்டம் குறைந்த ஒருவருக்கு டயாலிசிஸ் இல்லாமல், மூச்சுத்திணறலுக்கும் அரிப்புக்கும் வலிக்கும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதும் ஒரு மருத்துவமே. அதைக் குடும்பம் 'கைவிட்டுட்டாங்க' என்று எடுத்துக்கொள்ளும். பெரியவரிடம் நோயின் பெயரையே மறைத்து வைத்திருப்பார்கள். வராந்தாவில் பிள்ளைகள் வாதிட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தப் பேச்சை ஐசியு வாசலில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் தொடங்கினால் யாருக்கும் நிதானம் இருக்காது. ஈஜிஎஃப்ஆர் 20-ஐ ஒட்டி இருக்கும்போதே அவரையும் உட்காரவைத்துப் பேசலாம். பெரியவர்களுக்கு நாம் பயப்படுகிற அளவுக்குப் பயம் இருப்பதில்லை. அவர்கள் கேட்பது பெரும்பாலும் செலவைப் பற்றியும், யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதைப் பற்றியும்தான்.

பேச்சு முடிந்தது. சிலர் கையில் ரிப்போர்ட் உறை தெரிகிறது. நோய் பற்றிய கேள்விகளை மேடையில் கேட்க வேண்டாம். தேநீர் இடைவேளையில் பின்வரிசைப் பக்கம் வருகிறேன். ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள், வீட்டில் சமைக்கிறவர் கூட வந்திருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.